ஷாக் அடிக்கும் பெட்டியும் காணாமல் போகும் ஹார்ட் டிஸ்க்கும்

நான்கைந்து ஹார்ட் டிஸ்க்குகளை ஒரே பெட்டியில் மாட்டி வீட்டிலேயே சேமிப்பு சர்வர் வைத்திருப்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கின்றன. பெட்டியைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுக்கிறது என்பது ஒன்று. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் திடீரென்று பட்டியலிலிருந்து மறைந்துவிடுகிறது, அணைத்துவிட்டு மீண்டும் போட்டால் எதுவுமே நடக்காததுபோல் திரும்பி வருகிறது என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே பெட்டியில் சேர்ந்து வந்துவிட்டால், ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். எர்த்தைச் சரிசெய்துவிட்டால் டிஸ்க் விழுவது நின்றுவிடும் என்று எலக்ட்ரீசியனைக் கூப்பிடுபவர்கள் உண்டு. டிஸ்க் கெட்டுப்போய் அதிலிருந்து மின்சாரம் கசிகிறது என்று நினைத்துப் புதிய டிஸ்க் வாங்குபவர்களும் உண்டு. பெரும்பாலான வீடுகளில் இவை தொடர்பில்லாத இரண்டு பழுதுகள் என்பதும், இரண்டுக்கும் தேடும் வழி வெவ்வேறு என்பதும் என் அனுபவம்.

ஏற்காட்டில் இருக்கும் என் சித்தப்பா வீட்டில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. பழைய மேசைக் கணினி கேபினெட் ஒன்றில் நான்கு டிஸ்க்குகளை மாட்டி, ஓபன்மீடியாவால்ட் என்ற சேமிப்பு சர்வர் மென்பொருளை நிறுவி, பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாக்கும் ரெய்டு 5 அமைப்பில் ஓட்டிக்கொண்டிருந்தார். காபித் தோட்டத்தின் பழைய கணக்கேடுகளை ஸ்கேன் செய்த கோப்புகளும், மூன்று தலைமுறைப் புகைப்படங்களும், வேறெங்கும் பிரதி இல்லாத சில கல்யாண வீடியோக்களும் அதில் இருந்தன. "பெட்டியத் தொட்டா சுர்ருங்குதுப்பா. ராத்திரியில ரெண்டு டிஸ்க் ஒண்ணா காணாமப் போயிடுது. கரண்டு டிஸ்க்குக்குள்ள எறங்கிடுச்சோ?" என்று தொலைபேசியில் கேட்டார். ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனால் தாங்கும். ஒரே நேரத்தில் இரண்டு போனால் மொத்தத் தொகுப்பும் நின்றுவிடும். ஆகவே அவருடைய கவலை நியாயமானதுதான்.

முதலில் ஷாக். கணினியின் பவர் சப்ளைக்குள், மின்சாரம் நுழையும் இடத்திலேயே, இரைச்சலை வடிகட்டும் சிறிய பகுதி ஒன்று உண்டு. அதில் பேஸிலிருந்து பெட்டியின் உலோக உடலுக்கு ஒன்றும், நியூட்ரலிலிருந்து அதே உடலுக்கு ஒன்றுமாக இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவை சேகரிக்கும் இரைச்சல் மின்சாரம் பச்சை ஒயர் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு. பச்சை ஒயர் எங்கேயும் போய்ச் சேராமல் நின்றுவிட்டால், சம அளவுள்ள அந்த இரண்டு கெப்பாசிட்டர்களும் 230 வோல்ட்டைப் பாதியாகப் பிரித்து, பெட்டியின் உடலை ஏறத்தாழ 115 வோல்ட்டில் தொங்கவிடும். டெஸ்டரை வைத்தால் விளக்கு எரியும். ஆனால் அதன் பின்னால் இருக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது. 4.7 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றின் வழியாக 50 ஹெர்ட்ஸில் 230 வோல்ட் தள்ளக்கூடியது ஒரு மில்லிஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குதான். சர்வர், மானிட்டர், டிவி எல்லாம் கேபிள்களால் இணைந்திருந்தால் அவற்றின் கசிவுகளும் கூடும். தோலில் சுர்ரென்று உணர அது போதும்.

ஆகவே இந்தச் சுர்ருக்கு டிஸ்க் காரணமில்லை; பவர் சப்ளை பழுது என்றுகூடச் சொல்ல முடியாது. எல்லாம் சரியாக இருக்கும் பவர் சப்ளையே, எர்த் இல்லாத வீட்டில் இப்படித்தான் நடந்துகொள்ளும். அதற்காக இதை விட்டுவிடலாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். நாளைக்கு உள்ளே ஒரு பேஸ் ஒயர் உரிந்து உடலைத் தொட்டால், அதே பெட்டி முழு 230 வோல்ட்டில் நிற்கும்; அப்போது கையில் வருவது மில்லிஆம்பியரில் மூன்றில் ஒரு பங்காக இருக்காது. இன்றைய சுர் என்பது, பெட்டிக்கு எர்த் போய்ச் சேரவில்லை என்ற தகவல். அந்தத் தகவலை மதிக்க வேண்டும்.

எர்த் எங்கே அறுந்திருக்கிறது என்று தேடும்போது பெட்டியிலிருந்து சுவரை நோக்கிப் போவதுதான் எளிது. நம் ஊரில் முதல் குற்றவாளி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மேலே மூன்று துளைகள் அழகாக இருக்கும். கழற்றிப் பார்த்தால் உள்ளே சிவப்பும் கறுப்பும் மட்டும் வந்திருக்கும், மூன்றாவது துளையின் பித்தளைத் தகட்டில் எதுவும் இணைந்திருக்காது. அடுத்தது மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் சிறிய மாற்றி. கடையில் விற்கும் சிறிய நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: அவற்றின் அடாப்டருக்குப் போகும் கேபிள் எட்டு வடிவ இரண்டு துளைக் கேபிளாக இருந்தால், அந்த அடாப்டருக்கு எர்த் என்பதே கிடையாது. வீட்டு எர்த்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பெட்டியில் லேசான சுர் இருக்கவே செய்யும். சில அடாப்டர்களின் மூன்றாவது பின்னே வெறும் பிளாஸ்டிக்காக இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாம் சரி என்றால் பிளக் பாயிண்டை அளக்க வேண்டும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அதே 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் என்பது எதிர்பார்க்கும் அளவு. சித்தப்பா வீட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 96 காட்டியது; மீட்டரின் ஒயரைக் கையால் பிடித்தால் எண் ஏறியது, விட்டால் இறங்கியது. இப்படி ஆடும் எண், எங்கும் இணையாமல் தொங்கும் ஒயரின் அடையாளம். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை மிக அதிகம் என்பதால் பக்கத்து ஒயரிலிருந்து தூண்டப்படும் பொய் வோல்ட்டையும் அது உண்மைபோல் காட்டிவிடும்.

இந்த இடத்திலிருந்து உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் இல்லாமல் மேலே போகக் கூடாது. சேலத்திலிருந்து எனக்குப் பழக்கமான ஓர் அண்ணனை அழைத்துப் போயிருந்தேன். மெயின் போர்டிலிருந்து வந்த எர்த் கம்பி, வீட்டின் பின்புறம் பாறையை ஒட்டி இறக்கப்பட்டிருந்த ஜிஐ (துத்தநாகப் பூச்சிட்ட இரும்பு) பைப்பில் ஒரு கிளாம்ப் போட்டு முறுக்கப்பட்டிருந்தது. வெளியிலிருந்து பார்க்க இணைப்பு இருப்பதுபோலவே இருந்தது. ஸ்பேனரை வைத்ததும் நட் அடுக்கடுக்காக உதிர்ந்தது. கிளாம்ப்புக்கும் பைப்புக்கும் நடுவே துரு ஒரு தோலைப்போல் முழுச் சுற்றும் படர்ந்திருந்தது. மலை ஈரத்திலும் பனிமூட்டத்திலும் பூச்சு போன இரும்புக்கு வேறு கதி இல்லை. புதிய கிளாம்ப் போட்டு, பைப்பைப் பளபளவென்று தேய்த்து முறுக்கிய பிறகு, பிளக் பாயிண்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 231 வந்தது. பெட்டியில் சுர் நின்றுவிட்டது.

பல வீடுகளில் வேலை இங்கேயே முடிந்துவிடும். முடியக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் பகுதி. "மீட்டர்ல 230 வந்துடுச்சுன்னு விட்டுட்டுப் போறவங்கதான் தம்பி நெறையப் பேரு. மெக்கர் போட்டாத்தான் மண்ணு என்ன சொல்லுதுன்னு தெரியும்" என்றார் அந்த அண்ணன். மண்ணின் எர்த் தடையை அளக்கும் கருவியான எர்த் மெக்கரை வைத்து, எர்த் பைப்பிலிருந்து ஒரே நேர்க்கோட்டில் தூரத்தில் ஓர் ஆணியும், அந்தத் தூரத்தில் சுமார் 62 சதவீதத்தில் இன்னோர் ஆணியும் அடித்து அளந்தபோது 300 ஓமுக்கு மேல் காட்டியது.

300 ஓம் எர்த்தில் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கெப்பாசிட்டர் கசிவான ஒரு மில்லிஆம்பியர் அந்த 300 ஓம் வழியாகப் போனால் பெட்டியின் உடலில் எழும் வோல்ட் வெறும் 0.3. அதனால்தான் சுர் உடனே நின்றது. ஆனால் பேஸ் ஒயர் உடலைத் தொட்டால், 230 வோல்ட் அந்த 300 ஓம் வழியாகத் தள்ளக்கூடியது 0.77 ஆம்பியர் மட்டுமே. 6 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் மிகும்போது தானாக விழும் பிரேக்கர்) கூட அதற்கு அசையாது. பெட்டி கிட்டத்தட்ட முழு 230 வோல்ட்டில், எந்த பிரேக்கரும் விழாமல், மணிக்கணக்கில் நிற்கும். சுர் நின்றது என்பதும் மீட்டர் 230 காட்டுகிறது என்பதும் எர்த்து நல்லது என்பதற்குச் சான்றாகாது. இவை இரண்டும் ஒயர் தொடர்ச்சியைத்தான் சொல்கின்றன. மண் எவ்வளவு மின்சாரத்தை ஏற்றுக்கொள்ளும் என்பதைச் சொல்வதில்லை.

நம் பகுதியில் மண் அவ்வளவு எளிதில் ஏற்றுக்கொள்ளாது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் உடல் சார்னோகைட் என்ற கடும்பாறை. உச்சிப் பகுதிகளில் பாக்சைட் மூடியிருக்கிறது. அடிவாரத்தில் சேலம் நகரை ஒட்டி மேக்னசைட் வெட்டியெடுக்கும் வெள்ளைக் குன்றுகள் இருக்கின்றன. இரண்டடி தோண்டினால் பாறை தட்டும் மனைகள் இங்கே ஏராளம். எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 3043, ஜிஐ பைப் என்றால் குறைந்தது 38 மில்லிமீட்டர் உள்விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் வேண்டும் என்கிறது. அந்த அளவுள்ள பைப், மின்தடைத்திறன் 100 ஓம்-மீட்டராக உள்ள ஈர மண்ணில் நின்றால் அதன் எர்த் தடை சுமார் 35 ஓம் வரும். அதே பைப் 1000 ஓம்-மீட்டர் உள்ள காய்ந்த கல்மண்ணில் நின்றால் 350 ஓம். பைப் மாறவில்லை, எலக்ட்ரீசியனின் வேலையும் மாறவில்லை. மண் மட்டும்தான் மாறியது. பங்குனி, சித்திரை வெயிலில் அதே குழி இன்னும் மோசமாகும்.

கல் தட்டும் இடத்தில் பைப்பை நேராக இறக்க முடியாவிட்டால் செங்குத்திலிருந்து 30 டிகிரி வரை சாய்த்து இறக்கலாம் என்று அதே தரநிலை இடம்கொடுக்கிறது. அதுவும் முடியாத மனையில் தகட்டுக் கம்பியைக் கிடையாகப் பள்ளம் வெட்டிப் புதைக்கலாம். நாங்கள் செய்தது எளிமையானது. பாறையை ஒட்டிய பழைய குழியை அப்படியே விட்டுவிட்டு, வீட்டின் தாழ்ந்த பக்கத்தில், சமையலறைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் வழிந்து வாழைக்குப் போகும் இடத்தில் இரண்டாவது குழி போட்டோம். அங்கே மண் ஆழமாகவும் ஆண்டு முழுவதும் ஈரமாகவும் இருந்தது. கரியும் சிறிது உப்பும் போட்டு, இரண்டு குழிகளையும் ஒரே எர்த் கம்பியால் சேர்த்து அளந்தபோது 40 ஓமுக்குச் சற்றுக் கீழே வந்தது. உப்பை அள்ளிக் கொட்டும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. தடையைக் குறைக்கும் அதே உப்பு பைப்பையும் தின்னும். ஈரம் நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் உப்பைவிடப் பயன் தரும். இரண்டு குழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் தடை பாதியாகாது. பைப்பின் நீளத்தைவிடக் கூடுதலான இடைவெளியாவது வேண்டும்.

40 ஓமிலும் 16 ஆம்பியர் எம்சிபி விழாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். 230 வோல்ட்டை 40 ஓமால் வகுத்தால் ஆறு ஆம்பியர்கூட வராது. அதனால்தான் தனக்கென்று தனி எர்த் குழி வைத்திருக்கும் வீடுகளில், அதிலும் கல்மண் வீடுகளில், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறேன். பேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் முழுதாகத் திரும்பவில்லை என்றால் அது விழும். தொடக்கூடிய உலோகத்தில் 50 வோல்ட்டுக்கு மேல் எழக் கூடாது என்ற எல்லையை 30 மில்லிஆம்பியரால் வகுத்தால் 1,667 ஓம் வரும். அதாவது எர்த் மிக மோசமாக இருந்தாலும், அடியோடு அறுந்துபோகாத வரையில், ஆர்சிசிபி தன் வேலையைச் செய்துவிடும். சேலம் வீடுகளில் இன்வெர்ட்டர் வைக்கும்போது, இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் சாதாரண லைனின் நியூட்ரலையும் கலந்து இணைத்துவிடுகிறார்கள். ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது. உடனே "அதுதாங்க தொல்லை" என்று அதைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்ற வேண்டியது கலந்துபோன நியூட்ரலைத்தான்.

இதைவிட மோசமான ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. எர்த் இல்லாத பிளக் பாயிண்டில், பின்புறம் நியூட்ரலையும் எர்த் முனையையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுவது. மீட்டரில் எல்லா எண்களும் கச்சிதமாக இருக்கும், பெட்டியில் சுர்ரும் நின்றுவிடும். ஆனால் அந்த பாயிண்டுக்கு முன்னால் எங்கேயாவது நியூட்ரல் விட்டுப்போனால், சர்வரின் வழியாக வரும் முழு 230 வோல்ட்டும் அதன் உலோக உடலில் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: அதே லைனில் அயர்ன் பாக்ஸ் போன்ற பெரிய சுமையை ஓடவிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்க வேண்டும். உண்மையான எர்த் என்றால், நியூட்ரல் ஒயரில் சுமை ஓடுவதால் அரை வோல்ட்டோ ஒரு வோல்ட்டோ ஏறும். சுமை ஓடும்போதும் அசையாமல் பூஜ்ஜியமே நின்றால் சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எர்த் வேலை முடிந்து சுர் நின்ற அன்றிரவும் இரண்டு டிஸ்க்குகள் காணாமல் போயின. சித்தப்பாவுக்கு வருத்தம். எனக்கு அது எதிர்பார்த்ததுதான். பெட்டிக்குள் இருக்கும் மதர்போர்டு, பவர் சப்ளை, டிஸ்க் எல்லாம் தமக்குள் ஒரே பொது மைனஸில் இணைந்தவை; பெட்டி முழுவதும் 115 வோல்ட்டில் தொங்கினாலும், டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே வித்தியாசம் ஏதும் எழுவதில்லை. டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சேட்டா கேபிளில் தகவல் போவதும் இரண்டு ஒயர்களுக்கு இடையிலான வித்தியாசமாகத்தான். ஆகவே எர்த் இல்லாததால் மட்டும் டிஸ்க் விழுவது அபூர்வம். எர்த் இல்லாமையின் கேடு வேறு வழிகளில் வரும்: ஸ்பைக் கார்டின் பாதுகாப்பில் பாதி செயலற்றுப் போகும், டிவியோடு எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்தால் கசிவு மின்சாரம் அந்தக் கேபிளின் உறை வழியாக வழி தேடும், வெளியே இருந்து வரும் டிஷ் ஆன்டெனா கேபிளும் அந்த டிவியில்தான் சேர்கிறது என்றால், கோடை இடியில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டிஸ்க் பக்கம் தேடுவதற்கு டிஸ்க்கே ஒரு நாட்குறிப்பை வைத்திருக்கிறது. ஸ்மார்ட் என்ற அந்தப் பட்டியலில் எல்லோரும் பார்ப்பது 5, 197, 198 என்ற எண்களுள்ள வரிகளை. அவை தட்டின் பரப்பு கெடுவதைச் சொல்பவை. அவை பூஜ்ஜியமாக இருந்தும் டிஸ்க் விழுகிறது என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியவை 199, 192, 12. வரி 199, டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே வழியில் தகவல் சிதைந்த தடவைகளின் கணக்கு. அது ஏறினால் சேட்டா கேபிளையும் அதன் இரு முனைகளையும் சந்தேகிக்க வேண்டும். வரி 12, டிஸ்க்குக்கு மின்சாரம் போய்த் திரும்பி வந்த தடவைகள். வரி 192, மின்சாரம் சட்டென்று அறுந்ததால் டிஸ்க் தன் படிக்கும்-எழுதும் முனைகளை அவசரமாக ஒதுக்கிக்கொண்ட தடவைகள். கணினியை யாரும் அணைக்காத இரவில் 12ம் 192ம் ஏறியிருந்தால், அந்த டிஸ்க்குக்குப் போகும் மின்சாரம்தான் விட்டுவிட்டு வருகிறது என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லிவிடலாம்.

சித்தப்பாவின் நான்கு டிஸ்க்குகளிலும் 199 அசையவில்லை. இரண்டில் மட்டும் 12ம் 192ம் ஒன்றுபோல ஏறிக்கொண்டிருந்தன. இயங்குதளத்தின் உள்பதிவான கர்னல் பதிவில் அந்த இரண்டும் ஒரே விநாடியில் "லிங்க் டவுன்", அதாவது இணைப்பு அறுந்தவை, ஆகியிருந்தன. அந்த இரண்டுக்கும் பொதுவானது என்ன என்று பெட்டியைத் திறந்து பார்த்தால் விடை கண்ணெதிரே இருந்தது: பவர் சப்ளையின் ஒரே சேட்டா முனையிலிருந்து, ஒரு ஸ்பிளிட்டர் வழியாக, இரண்டு டிஸ்க்குகளுக்கும் ஒரு விசிறிக்கும் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது, மஞ்சள் ஒயர் இறங்கும் இடத்தில் பிளாஸ்டிக் லேசாகப் பழுப்பேறி, அங்கிருந்த மூன்று பின்களில் ஒன்று மற்றவற்றைவிடச் சற்று உள்ளே அமுங்கியிருந்தது.

சேட்டா மின்முனையில் 15 பின்கள். 3.3, 5, 12 வோல்ட்டுகளுக்குத் தலா மூன்று. மிச்சம் பெரும்பாலும் மைனஸ். ஒரு பின்னின் தாங்குதிறன் 1.5 ஆம்பியர் என்பதால் 12 வோல்ட் பக்கத்தில் மொத்தம் 4.5 ஆம்பியர்தான் எடுக்கலாம். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். இரண்டு டிஸ்க்குகள் சேர்ந்து தூக்கத்திலிருந்து எழுந்தால் 4 ஆம்பியர். ஒரு பின் சரியாகத் தொடவில்லை என்றால் மற்ற இரண்டும் தாங்க வேண்டியது எல்லை மீறிவிடும். அவர் டிஸ்க்குகளைப் பயன்படுத்தாதபோது தூங்கவைக்கும் அமைப்பை இயக்கியிருந்தார். நள்ளிரவு நகலெடுப்பு தொடங்கும்போது எல்லாம் ஒன்றாக எழுந்தன. இரவில் மட்டும் விழுந்ததற்குக் காரணம் அதுதான். ஒரு சேட்டா முனையிலிருந்து நான்கு டிஸ்க்குகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர்கள் கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன. 8 ஆம்பியரை 4.5 ஆம்பியர் முனையில் ஏற்றும் அந்தப் பொருளை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பிரித்தே தீர வேண்டும் என்றால் பழைய நான்கு பின் மோலக்ஸ் முனையிலிருந்து எடுப்பது நல்லது; அதன் பின்கள் பருமனானவை. ஆனால் உருக்கி வார்த்த வகை மாற்றிகளில் ஒயர்கள் உள்ளே ஒன்றையொன்று நெருங்கித் தீப்பிடித்திருக்கின்றன; ஒயரைத் தனித்தனியாகக் கவ்விப் பிடிக்கும் வகையே வாங்க வேண்டும்.

பவர் சப்ளையை மாற்றும்போது ஓர் எச்சரிக்கை. கழற்றி மாட்டும் கேபிள்களுள்ள பவர் சப்ளை என்றால், பழையதன் கேபிளைப் புதியதில் செருகக் கூடாது. டிஸ்க் பக்க முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான். பவர் சப்ளை பக்க முனையில் எந்தத் துளையில் எந்த வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது, ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேகூட மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் எல்லா டிஸ்க்குகளும் ஒரே கணத்தில் போய்விடும். ரெய்டு அதற்கு உதவாது.

யுஎஸ்பி வெளி டிஸ்க்கின் உறையிலிருந்து உரித்தெடுத்த சில புதிய டிஸ்க்குகள் கேபினெட்டில் மாட்டினால் சுழலவே சுழலாது. செத்த டிஸ்க் என்று அதை ஒதுக்கிவிட வேண்டாம். சேட்டா 3.3 தரத்தில் மூன்றாவது பின்னுக்கு, மின்சாரத்தை நிறுத்து என்று டிஸ்க்குக்குச் சொல்லும் புது வேலை கொடுக்கப்பட்டது. பழைய பவர் சப்ளை அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட் தருவதால் டிஸ்க் நிரந்தரமாக அணைந்தே இருக்கும். அந்தப் பின்னை மஞ்சள் நிற வெப்பம் தாங்கும் டேப்பால் மூடினாலோ, 3.3 வோல்ட் ஒயரே இல்லாத மோலக்ஸ் மாற்றியில் மாட்டினாலோ ஓடத் தொடங்கிவிடும்.

199 ஏறும் வகைப் பழுதை சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு நண்பரின் பெட்டியில் பார்த்தேன். கேபிள்கள் அழகாக இருக்க வேண்டும் என்று சேட்டா கேபிள்களை எல்லாம் கட்டாக இறுக்கி, மூலையில் கூர்மையாக மடித்து, டை போட்டிருந்தார். கர்னல் பதிவில் இணைப்பு மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு, வேகம் 6 கிகாபிட்டிலிருந்து 1.5 கிகாபிட்டுக்கு இறங்கியிருந்தது. பூட்டு நாக்குள்ள புதிய கேபிள்களை, வளைவு பெரிதாக இருக்கும்படி தளர்வாக விட்டதும் எண் நின்றுவிட்டது. சேட்டா கேபிள் முனைகள் 50 தடவை செருகி எடுப்பதற்கென்று வடிவமைக்கப்பட்டவை என்பதையும், கேபிளின் நீளம் 1 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஏற்காடு போன்ற ஈரமான ஊரில் முனையை ஒருமுறை கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மீண்டும் மாட்டுவதே பல வேளைகளில் போதுமான மருந்து.

டிஸ்க்கா, வழியா என்று சந்தேகம் தீராவிட்டால், பெட்டியை அணைத்து, விழும் டிஸ்க்கையும் விழாத டிஸ்க்கையும் இடம் மாற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். கேபிள்களை அந்தந்த இடத்திலேயே விட்டுவிட்டு டிஸ்க்கை மட்டும் மாற்றுவது முக்கியம். பழுது டிஸ்க்கோடு போனால் டிஸ்க். இடத்திலேயே நின்றால் கேபிள், ஸ்பிளிட்டர் அல்லது போர்டின் முனை. டிஸ்க்குகளைத் தொகுப்பாக்கும் மென்பொருள்களான எம்டி ரெய்டும் இசட்எஃப்எஸ்ஸும் டிஸ்க்குகளை அவற்றில் எழுதப்பட்ட அடையாளத்தால் அறிந்துகொள்வதால் இடம் மாறுவது அவற்றைக் குழப்பாது.

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மலையில் மின்சாரம் போவது சாதாரணம். கணினிப் பவர் சப்ளை உள்வரும் மின்சாரம் இல்லாமல் முழுச் சுமையில் சுமார் 16 மில்லிவிநாடி தாக்குப்பிடிக்கும். பல வீட்டு இன்வெர்ட்டர்கள் சாதாரண நிலையில் மாறிக்கொள்ள அதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். பின்புறம் யுபிஎஸ் நிலை என்ற சுவிட்ச் இருந்தால் அதில் போட வேண்டும். இல்லாவிட்டால் சர்வருக்கென்று சிறிய யுபிஎஸ் ஒன்றை நடுவில் வைப்பது நல்லது. சித்தப்பாவின் இன்வெர்ட்டரில் அந்தச் சுவிட்ச் இருந்தது.

இரண்டு டிஸ்க்குகளுக்கும் பவர் சப்ளையிலிருந்து நேரடி முனைகள் கொடுத்தபின், நின்றுபோன தொகுப்பை உடனே கட்டாயப்படுத்தி எழுப்பவில்லை. முதலில் நான்கு டிஸ்க்குகளிலும் ஸ்மார்ட் நீள்சோதனையை ஓடவிட்டோம். பெரிய டிஸ்க்கில் அதற்குப் பகல் முழுவதும் ஆகும். எல்லாம் தேறிய பிறகு, தொகுப்பு மாறும்தோறும் ஏறும்படி ஒவ்வொரு டிஸ்க்கிலும் பதிந்திருக்கும் நிகழ்வு எண்ணை ஒப்பிட்டோம். இரண்டும் ஒரே விநாடியில் விழுந்திருந்ததால் வேறுபாடு மிகச் சிறியதாகவே இருந்தது. அந்த நிலையில் தொகுப்பைச் சேர்த்து, எழுத விடாமல் படிக்க மட்டும் ஏற்றி, புகைப்படங்களையும் கணக்கேடுகளையும் ஒரு வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தோம். நகல் கையில் வந்த பிறகுதான் கோப்பு முறைமைச் சோதனையும் முழுத் தொகுப்புச் சரிபார்ப்பும். 12, 192, 199 ஆகிய வரிகள் எப்போதும் பூஜ்ஜியத்துக்குத் திரும்பாது என்பதால், நான்கு டிஸ்க்குகளின் அன்றைய எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கேபினெட்டின் உட்பக்கக் கதவில் ஒட்டினேன். அவற்றோடு மெக்கரின் அளவையும் தேதியையும் குறித்தேன். மழைக்கு முன் ஒருமுறை, கோடை உச்சத்தில் ஒருமுறை எர்த்தை அளக்க வேண்டும் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.